ஒரு கட்டை மேலே

பாட்டு எழுதுவது நான். மெட்டுப் போடுவது தாடியஸ். சண்டை போடுவது இரண்டு பேரும். பதினோரு வருடம் இப்படித்தான் ஓட்டினோம். இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் 'மோப்லி – கேஸ்கின்ஸ்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். மோப்லி அவன், கேஸ்கின்ஸ் நான். ஆங்கில எழுத்து வரிசைப்படி பார்த்தாலும் என் பெயர்தான் முன்னால் வர வேண்டும். முதல் தட்டு வந்த அன்றே கேட்டேன். "அச்சுக்குப் போயிடுச்சு லெட்டி, அடுத்ததுல மாத்திடலாம்" என்றான். எத்தனையோ அடுத்தது வந்தது. மாற்றத்தான் இல்லை.

சர்ச்சில் அவன் ஆர்கன் வாசித்தான், நான் பாடகர் குழுவில் பெண்கள் பக்கம் பின்வரிசை. அங்கே ஆரம்பித்த பழக்கம். பிறகு பிராட் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை, ஒரு ஓட்டைப் பியானோ. உருகி உருகிப் பாடும் காதல் பாட்டுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் பாதிப் பிள்ளைகள் எங்கள் பாட்டைக் கேட்டுப் பிறந்ததுகள் என்று என் அக்காள் கேலி செய்வாள். அது அறுபதுகளின் கடைசி. அப்புறம் உருகுவதற்கு ஆளில்லாமல் போயிற்று. எல்லாரும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுடைய கடைசி நான்கு தட்டுகள் கல்லைப் போட்ட மாதிரி முங்கிப் போயின.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குப் பாட்டுச் செய்யுமுன் அவளைச் சாப்பிடக் கூட்டிப் போவோம். பாதிச் சாப்பாட்டில் நான் வேண்டுமென்றே அவளைச் சீண்டுவேன். அவள் பொங்கி எழுந்து நாலு வார்த்தை பேசியதும் தாடியஸ் மெல்ல எழுந்து கழிவறைக்குப் போவான். சட்டைப் பையில் இருக்கும் சுருதிக் குழலை அங்கே ஊதிப் பார்த்து, அவள் எந்தக் கட்டையில் திட்டினாள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வருவான். அந்தச் சுருதியில்தான் பாட்டு. "சந்தோஷத்துல யாரும் யார் மாதிரியும் கத்துவாங்க லெட்டி. கோவத்துல வர்ற குரல் மட்டும்தான் அவங்கவங்க குரல்" என்பான். இதைச் சொன்னது அவன்தான், நானில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வெர்னீஸ் டில்மனையும் அப்படித்தான் கூட்டிப் போனோம். எங்கள் சர்ச்சில் தனியாக நின்று பாடுகிறவள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் மேற்பார்வை வேலை. நாற்பதைத் தாண்டிய பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வாட்டசாட்டமான உடம்பு. அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். அவள் 'ஆமென்' சொன்னால் பெஞ்சு அதிரும். இத்தனை காலமும் அவளுக்கு ஒரு தட்டுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

பொரித்த மீனும் கீரையும் வந்தது. நான் ஆரம்பித்தேன். "ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டாராமே?"

வெர்னீஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "வந்தான். அலமாரியில மூணு சட்டைய மறந்துட்டுப் போயிட்டேன்னு வந்து நின்னான். ரெண்டு வருஷம் கழிச்சு! பொண்டாட்டி ஞாபகம் வரல, புள்ளைங்க ஞாபகம் வரல, சட்டை ஞாபகம் வந்திருக்கு. எடுத்துட்டுப் போடா, அது தொங்கின கொக்கியையும் சேர்த்துப் பேத்துக்கிட்டுப் போ, அதப் பாத்தாலும் உன் மூஞ்சிதான் தெரியுதுன்னேன்."

தாடியஸ் அப்போதே நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கழிவறைப் பக்கம் ஓடிவிட்டான்.

'கொக்கியையும் எடுத்துக்கோ' என்ற பாட்டு அப்படி வந்தது. மூன்று நாளில் எழுதினேன். ஒரு சனிக்கிழமை காலையில் வெர்னீஸ் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மைக் முன்னால் நின்று ஒரே மூச்சில் பாடினாள். பாட்டு யானை நடக்கிற மாதிரி நிதானமாகப் போகும். ஒவ்வொரு அடியும் கனமாக விழும். கடைசி வரியில் 'கொக்கி' என்ற சொல்லைப் பாதியில் மூச்செடுத்து உடைத்தாள். ஒலிப்பதிவுக்காரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டான். தாடியஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். பதினோரு வருடத்தில் நாங்கள் செய்ததிலேயே அதுதான் நிஜமான சரக்கு. அவனுக்கும் அது தெரியும்.

எங்கள் தட்டுக் கம்பெனி முதலாளி ஹார்லன் ப்ரூயிட் கண்ணை மூடிக் கேட்டார். நகத்தைப் பார்த்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. எவன் ஆடுவான்?" என்றார்.

"ஏன், உக்காந்து கேக்கக் கூடாதா?" என்றேன்.

"உக்காந்து கேக்கறவன் காசு கொடுத்துத் தட்டு வாங்க மாட்டான் லெட்டி. தங்கச்சி வாங்கின தட்ட ஓசியில கேப்பான்."

அடுத்த ஞாயிறு எங்கள் சர்ச்சுப் பாஸ்டர் பொறுப்பேற்றதன் ஆண்டு விழா. வெர்னீஸ் பாடினாள், நான் பின்வரிசையில் நின்றேன். தாடியஸுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது, வேறு யாரோ ஆர்கன் வாசித்தார்கள். பாவம் என்று நினைத்தேன். விழா முடிந்து அவன் வீட்டு வாசலில் கோழி சூப் வேறு வைத்துவிட்டு வந்தேன். காய்ச்சலும் இல்லை, மண்ணும் இல்லை. அந்த நேரத்தில் அவன் ப்ரூயிட்டோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு டேப் இயந்திரத்தின் வேகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான்.

டேப்பை வேகமாக ஓட்டினால் பாட்டு மட்டும் வேகமாகாது. சுருதியும் ஏறும். வெர்னீஸின் குரல் ஒரு முழுக் கட்டை மேலே போயிற்று. அதன்மேல் கைத்தட்டலைச் சேர்த்தார்கள், தாளத்தகட்டை இழைய விட்டார்கள், நான் எழுதிய இரண்டாவது சரணத்தை வெட்டி எறிந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்கும் வெர்னீஸுக்கும் ஒரே சிகையலங்காரக் கடை. சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவள் முடி காயவைக்கும் சூட்டுக் கூண்டுக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். நான் சுருட்டை முடியை நேராக்கும் பசையைத் தலை முழுக்க அப்பிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. கடைப் பெண்கள் எல்லாம் இடுப்பை ஆட்ட ஆரம்பித்தார்கள். சின்னப் பெண் யாரோ கிறீச்சென்று பாடினாள். வார்த்தைகள் என்னுடையவை.

வெர்னீஸ் கூண்டைத் தூக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். "யாருடி இவ?"

நான் நெற்றியில் வழிந்த பசையைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"லெட்டி, உன்னத்தான் கேக்குறேன். என் பாட்டத் தூக்கி எந்தச் சிறுக்கிக்குடி கொடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலக்கா. சத்தியமா."

"அப்போ பாடுறது பேயா?"

கடைசி வரி வந்தது. 'கொக்கி' என்ற சொல் நடுவில் உடைந்தது. அங்கே மூச்செடுக்க உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் தோன்றும்.

"அக்கா," என்றேன். "அது நீங்கதான்."

வெர்னீஸ் ரேடியோவைப் பார்த்தாள். பாட்டு முடிந்து அறிவிப்பாளன் 'வெல்வெட் ரோ' என்று ஏதோ ஒரு குழுவின் பெயரைச் சொன்னான். அவள் பெயரைச் சொல்லவில்லை.

"பதினாறு வயசுலகூட நான் இப்படிப் பாடினதில்ல," என்றாள் மெதுவாக.

கடைக்காரப் பெண் ஒருத்தி சும்மா இராமல், "நல்லாத்தானேக்கா இருக்கு? வயசு குறைஞ்ச மாதிரி!" என்றாள்.

"வயசக் கொறைக்கச் சொல்லி நான் எவன்கிட்டயும் மனு போடல. நீ உன் சீப்பப் பாரு," என்றாள் வெர்னீஸ். மறுபடி கூண்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அதற்குள்ளே அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தால் அந்தப் பாவமும் அவன் தலைமேல்தான்.

பசையை அரைகுறையாகக் கழுவிவிட்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு மாடி அறைக்குப் போனேன். தாடியஸ் இறைச்சியும் சீஸும் திணித்த நீள ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தான்.

"கேட்டுட்டியா?" என்றான்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"லெட்டி, உக்காரு."

"காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டேன். சூப் குடிச்சியா? கோழி போட்டுச் செஞ்சேன்."

"சரி, பொய்தான் சொன்னேன். சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்னு தெரிஞ்சேதானே பண்ணின?"

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "நாலு தட்டு விழுந்திருக்கு. இதுவும் விழுந்தா ப்ரூயிட் நம்மள வெளிய தள்ளிடுவாரு. நியூயார்க்ல ஒரு ஆட்டக் கூடத்துல போட்டுப் பாத்தோம். ஆடினவனுங்க நிறுத்தவே விடல. திரும்பத் திரும்பப் போடச் சொன்னானுங்க. உன் வார்த்தை, என் மெட்டு, அவ குரல். யாருக்கு நஷ்டம்?"

"அவ குரலா அது? அவளே யாருன்னு கேக்குறா! என் பக்கத்துல உக்காந்து, யாருடி இந்தச் சிறுக்கின்னு கேட்டா. உன் சுருதிக் குழலத் தூக்கிக்கிட்டுக் கழிப்பறைக்கு ஓடினியே, அது எதுக்குடா? ஊதி விளையாடவா?"

மாட்டிக்கொண்டால் எப்போதும் செய்வதைச் செய்தான். பியானோவைத் திறந்து ஏதோ வாசிக்க ஆரம்பித்தான். மூடியை அவன் விரல்மேல் போட்டிருப்பேன். அதற்குள் விரலை எடுத்துக்கொண்டான்.

"அவ பேரையாவது போட்டிருக்கலாம்ல?"

"அந்தக் குரலுக்கு அந்தப் பேரு ஒட்டலன்னு ப்ரூயிட் சொன்னாரு."

குரலைத் திருடிவிட்டுப் பெயர் ஒட்டவில்லை என்கிறார்கள். அன்று நான் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். எல்லாவற்றையும் இங்கே எழுதினால் என் சர்ச்சில் பிறகு தலைகாட்ட முடியாது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. கார் ஜன்னல்களில் அது, கடைகளில் அது, தெருமுனைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நனையும் பிள்ளைகள் வாயிலும் அது. சில வருடமாக எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள் வந்து தோளில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலும் அறை மாதிரி விழுந்தது. என் கைக்கும் காசு வந்தது, வாங்கிக்கொண்டேன், இல்லையென்று சொல்லவில்லை. கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

ப்ரூயிட் பிராட் தெரு அரங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஏற்பாடு செய்தார். அது எங்கள் ஊர் அரங்கம், எங்கள் ஜனம். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று திட்டம். அப்போது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வெர்னீஸ் அவள் சொந்தக் குரலில், அவள் சுருதியில், அவளைத் தெரிந்த ஜனத்துக்கு முன்னால் அந்தப் பாட்டை ஒரு தடவை பாட வேண்டும். பாடினால் இது அவள் பாட்டு. இல்லாவிட்டால் கடைசிவரை யாரோ ஒரு கிறீச்சுக் குரலின் பாட்டு.

தாடியஸிடம் போய் நேராகச் சொன்னேன். "அவ கட்டையில வாசிக்கணும். முழுப் பாட்டு. ரெண்டாவது சரணத்தோட. இல்லன்னா நம்ம ரெண்டு பேர் பேரும் இனிமே ஒண்ணா வராது."

"தட்டுல கேட்டவன் வேற மாதிரி கேட்டா ஒத்துக்க மாட்டான் லெட்டி."

"ஒத்துக்காட்டி போகட்டும்."

சட்டைப் பையிலிருந்து சுருதிக் குழலை எடுத்து மேஜைமேல் வைத்தான். "சரி. அவ கட்டைதான். என் அம்மா மேல சத்தியம்."

அவன் அம்மா எங்கள் சர்ச்சில் முன்வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு உட்காருகிறவள். அதனால் நம்பினேன்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்னால் இருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டு ஆடுவதற்கு இடம் விட்டிருந்தார்கள். மேடையின் ஒரு ஓரத்தில் நான் பியானோவில். மறு ஓரத்தில் தாடியஸ் ஆர்கனில். வாத்தியக்காரர்கள் அவன் தலையாட்டலைப் பார்த்து வாசிப்பார்கள். ஊதுகிறவர்களுக்கு முன்னால் ஒத்திகையில் இல்லாத புது இசைத்தாள்கள் இருந்தன. அதை நான் கவனித்தேன். சந்தேகப்படத் தோன்றவில்லை.

அவன் தலையாட்டினான். முதல் ஊதலே ஒரு கட்டை மேலே எழுந்தது.

என் கை பியானோமேல் அப்படியே நின்றுவிட்டது. தட்டில் இருந்த அதே வேகம், அதே சுருதி. கூட்டம் ஓவென்று கத்தி ஆட ஆரம்பித்தது. வெர்னீஸ் நீல அங்கியில் மேடைக்கு வந்தாள். இரண்டாவது அடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். இந்த ஜன்மத்தில் எனக்கு மறக்காத பார்வை அது. என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள்.

ஆனாலும் அவள் மைக்கைப் பிடித்தாள். பாடினாள். எட்டாத இடத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். மூன்றாவது வரியில் குரல் கிழிந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் யாரோ. "அம்மா, அந்தப் பொண்ணு எங்க?" என்று ஒருவன் கத்தினான். தாடியஸ் குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு முழங்கையையும் பியானோமேல் ஓங்கிப் போட்டேன். மறுபடி போட்டேன். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஊதுகிறவர்கள் தடுமாறி நின்றார்கள். தாளம் நின்றது. கடைசியாக ஆர்கனும் நின்றது.

"கீழ இறக்குங்கடா!" என்று கத்தினேன். மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கும்.

பாஸ் கிட்டார் வாசிக்கும் எல்ஜின் எங்களோடு முதல் தட்டிலிருந்து இருப்பவன். அவன் தாடியஸைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "எந்தக் கட்டையில லெட்டி?" என்றான். சொன்னேன். தலையாட்டினான். நானும் அவனும் மட்டும் ஆரம்பித்தோம், நிதானமாக. தாளக்காரன் நாலு அடி பொறுத்துச் சேர்ந்துகொண்டான்.

கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. "ஒரிஜினலப் போடு!" என்று கூச்சல். "காசத் திருப்பிக் கொடு!" ஓரத்தில் ப்ரூயிட் கையை வெட்டி வெட்டி நிறுத்தச் சொன்னார். வெர்னீஸ் பாடவில்லை. மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரிஜினல் வேணுமா?" என்றாள். "நான்தான்டா ஒரிஜினல். டேப்ப வேகமா ஓட்டி என்னப் பொம்மை ஆக்கினானுங்க. அத வச்சு மாசக்கணக்கா ஆடியிருக்கீங்க, உங்கள்ல ஒருத்தருக்காவது காது இருந்துச்சா? இங்க எத்தன பேரு ஆஸ்பத்திரியில படுத்த விரிப்ப நான் தொவைச்சிருப்பேன்! உங்க அம்மா சாவுக்கு நான் வந்து பாடியிருப்பேன்! ஆடணும்னா வெளிய போய் ஆடுங்க. கேக்கறவங்க நில்லுங்க."

பிறகு பாடினாள். முழுப் பாட்டையும், இரண்டாவது சரணத்தோடு. ஒரு கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போயிற்று. பாதிக்குமேல் நின்றார்கள். யாரும் ஆடவில்லை. அவள் 'கொக்கி'யைப் பாதியில் உடைத்தபோது எங்கோ பின்னால் ஒரு பெண் "சொல்லுடி!" என்று கத்தினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பதில் வந்தது. தாடியஸ் கடைசிவரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மேடைக்குப் பின்னால் ப்ரூயிட் காத்திருந்தார். "ஊர் ஊராப் போறதுக்கு வேற பொண்ண வச்சிருக்கேன். அந்தக் கட்டையில பாடுவா. அவளுக்கு இருபத்திரெண்டு வயசு," என்றார்.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள் வெர்னீஸ். "தொண்டைக்கு வெந்நீர் வாங்கிக் குடுங்க, பாவம்." அங்கியின் கொக்கிகளை அவிழ்க்கச் சொல்லி எனக்கு முதுகைக் காட்டினாள். "உன்ன ஒரு நிமிஷம் தப்பா நெனச்சுட்டேன்டி," என்றாள். நாளைக்குச் சலவைக் கூடத்தில் காலை முறை, சீக்கிரம் படுக்க வேண்டும் என்றாள். "இன்னிக்குப் பாடினேன்ல. எனக்குப் போதும்."

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அந்தக் கிறீச்சுக் குரல்தான் இன்னும் ரேடியோவில் வருகிறது. இருபத்திரண்டு வயதுக்காரி பத்து ஊரில் அதைப் பாடினாள். ஜனம் அவளுக்குத்தான் பூக் கொடுத்தார்கள்.

அன்று பின்வாசல் படிக்கட்டில் தாடியஸ் உட்கார்ந்திருந்தான். வெயில் இன்னும் இருந்தது. கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தான். கண் சிவந்திருந்தது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"லெட்டி. அவ பாடினது மாதிரி நான் கேட்டதே இல்ல."

"கேட்டிருக்க. ஸ்டூடியோவுல. என் கையப் பிடிச்சுக்கிட்டே கேட்டிருக்க."

"தப்புதான். பயந்துட்டேன். முப்பத்தெட்டு வயசுல மறுபடி சர்ச் ஆர்கனுக்குப் போறத நெனச்சேன்."

"சர்ச் ஆர்கனுக்கு என்ன கேடு?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்குக் காலையில வா. அவளுக்குன்னே ஒண்ணு பண்ணுவோம். மெதுவா. ப்ரூயிட் வேண்டாம், வேற எங்கயாவது குடுப்போம். மெட்டு இப்பவே தலையில ஓடுது, கேக்குறியா?"

முனகிக் காட்டினான். நல்ல மெட்டு. நாசமாய்ப் போகிறவன், நல்ல மெட்டுத்தான். அதற்கு முதல் வரி எனக்குள் அப்போதே வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"நீயே எழுதிக்கோ," என்றேன்.

"எனக்கு வார்த்தை வராது லெட்டி. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.